விலைக்கு வாங்கிய வாள்

சென்ற ஆண்டு சிதம்பரத்தில் கல்லூரி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி ஒன்று நடந்தது. "நாட்டின் பாதுகாப்புக்குப் படைக்கலங்களை வெளிநாட்டில் வாங்குவது நன்றா, நாமே செய்துகொள்வது நன்றா?" என்பது தலைப்பு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். "வாங்குவதே நன்று" என்ற சீட்டு எனக்கு வந்தது. பேசினேன்; இரண்டாம் பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசைப் பற்றிப் பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. அன்று மேடையில் சொல்லத் தெரியாமல் விட்டதை நம் கல்லூரி மலரிலாவது எழுதிவிட வேண்டும் என்ற எண்ணமே காரணம்.

என் பேச்சுக்குப் போலந்து நாட்டைத்தான் முக்கியச் சான்றாக எடுத்துக்கொண்டேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. அண்டை நாடான போலந்து, தன்னிடமிருந்த பழைய டி-72 டாங்கிகளில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றை உக்ரைனுக்குக் கொடுத்தது. தனக்கு? அந்த ஏப்ரலில் அமெரிக்காவிடம் 250 ஆப்ராம்ஸ் டாங்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. விலை 475 கோடி டாலர். ஆகஸ்டில் தென் கொரியாவிடம் 180 கே-2 டாங்கிகளுக்கு இன்னோர் ஒப்பந்தம். டிசம்பர் தொடக்கத்திலேயே முதல் பத்து கொரிய டாங்கிகள் க்டினியா துறைமுகத்தில் வந்து இறங்கின.

இதைச் சொல்லிவிட்டு நம் நாட்டுக்கு வந்தேன். "ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கிக்கு அரசு ஒப்புதல் தந்த ஆண்டு 1974. முதல் தொகுதி படையிடம் சேர்ந்த ஆண்டு 2004. போலந்துக்கு நான்கு மாதம். நமக்கு முப்பது ஆண்டு! பகைவன் வாசலில் வந்து நிற்கும்போது நாம் உலைக்களம் அமைத்து இரும்பு காய்ச்சிக்கொண்டிருப்பதா?" என்று கேட்டு நிறுத்தினேன். கைதட்டல் எழுந்தது. நானும் மயங்கிப்போனேன்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் என் மாமா உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டு இராணுவத்தில் கவசப் படைப் பிரிவில் இருந்தவர். டி-72 டாங்கியில் குறிபார்த்துச் சுடும் 'கன்னர்' அவர். ஓய்வு பெற்று வந்து இப்போது சிதம்பரத்தில் ஒரு வங்கியில் இரவுக் காவல் பார்க்கிறார். அப்பாவின் படகு எஞ்சின் பழுதாகிக் கிடந்ததால் அதைப் பார்ப்பதற்காக அன்று மாலை என்னோடு எங்கள் ஊருக்கு வந்தார். சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்கு ரயிலில் அரை மணிகூட ஆகாது. அந்த அரை மணியில் என் பேச்சு கவிழ்ந்துவிட்டது.

"நல்லாத்தான் பேசின மாப்பிள்ளை. ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "நான் உக்காந்திருந்த டாங்கியில எத்தனை குண்டு இருக்கும், தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எங்க காலுக்குக் கீழே ஒரு சுழல் தட்டு இருக்கும். அதுல இருபத்திரண்டு. மெஷினே எடுத்து மெஷினே பீரங்கிக் குழாயில ஏத்திடும். நிமிஷத்துக்கு எட்டு வரைக்கும் சுடலாம். கணக்குப் போட்டுச் சொல்லு. நீதானே பி.எஸ்ஸி. படிக்கிற?"

இருபத்திரண்டை எட்டால் வகுத்தேன். மூன்று நிமிடம்கூட வரவில்லை.

"அவ்வளவுதான். வண்டிக்குள்ள அங்கங்கே இன்னும் கொஞ்சம் செருகி வச்சிருப்போம். அதையும் சுட்டுத் தீர்த்துட்டா அது வெறும் நாப்பது டன் இரும்பு. நீ டாங்கி வாங்கறதைப் பத்தியே பேசின. குண்டு யார் தருவான்னு ஒரு வார்த்தை சொல்லலியே!"

வண்டி கிள்ளையில் நின்றது. ஏறுவோரும் இறங்குவோருமாக இருந்த அந்த நேரத்தில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் விடை இல்லை.

அடுத்த வாரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியோடுதான் அலைந்தேன். டாங்கியின் குண்டு என்றால் தீபாவளி வெடியைப் பெரிதாகச் செய்தது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைப்பதற்கென்று ஒரு குண்டு உண்டு. அதன் தலையில் வெடிமருந்தே கிடையாது. டங்ஸ்டன் கலந்த உலோகத்தாலான நீண்ட கம்பி. அம்புக்கு இறகு போல வாலில் சிறு துடுப்புகள். அம்பு வெடிப்பதில்லை, தைக்கிறது. இதுவும் அப்படித்தான். வேகம் ஒன்றே அதன் பலம்.

இயற்பியல் மாணவன் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பியின் நிறை 4 கிலோ என்றும், வேகம் நொடிக்கு 1,650 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் ஏறக்குறைய 54 இலட்சம் ஜூல். நம் கடலூர்-சிதம்பரம் பேருந்து பயணிகளோடு 12 டன் இருக்கும் என்று கொள்வோம். அது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதற்கும் அதே 54 இலட்சம் ஜூல்தான். ஒரு முழுப் பேருந்தின் மோதலைக் கட்டைவிரல் பருமனுள்ள ஓர் இடத்தில் இறக்குவதுதான் அந்தக் கம்பியின் வேலை. அந்த உலோகம் வளையக்கூடாது, பறக்கும்போது உடையக்கூடாது. அதைச் செய்யும் அறிவு சாமானியமானதல்ல.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். எல்லாக் குண்டும் எல்லா டாங்கிக்கும் பொருந்தாது. ரஷ்ய டாங்கிகளுக்குக் குழாயின் விட்டம் 125 மில்லிமீட்டர். ஆப்ராம்ஸுக்கும் கே-2வுக்கும் 120. நம் அர்ஜுனுக்கும் 120தான்; ஆனால் அவற்றின் குழாய் உட்புறம் வழவழப்பானது, நம்முடையது உட்புறம் மரைவெட்டுப் போலச் சுழற்கோடுகள் கொண்டது. அளவு ஒன்றாக இருந்தும் ஒன்றின் குண்டு மற்றொன்றுக்கு உதவாது. குழாயில் பொருந்தினாலும் போதாது. அந்தக் குண்டு எந்த வேகத்தில் போகும், எவ்வளவு தாழும் என்பதெல்லாம் டாங்கியிலுள்ள கணிப்பொறிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே டாங்கியை விற்பவன் ஒரு நாள் வியாபாரி அல்லன். முப்பது நாற்பது ஆண்டு உறவுக்காரன். போலந்து கொரியாவோடு செய்த ஒப்பந்தத்தில் டாங்கியோடு குண்டுகளும் சேர்ந்தே இருந்தன. நான் மேடையில் அந்த வரியை விட்டுவிட்டேன்.

பணம் கொடுத்துவிட்டால் பொருள் நம்முடையதுதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்கு விடை ஜெர்மனியில் கிடைத்தது. விமானங்களைச் சுடும் கெப்பார்ட் என்னும் கவச வண்டிகளை ஜெர்மனி 2022-இல் உக்ரைனுக்குத் தந்தது. அவற்றுக்கான குண்டுகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. ஜெர்மனி பல ஆண்டுகளுக்கு முன்பே விலை கொடுத்து வாங்கித் தன் கிடங்கில் அடுக்கி வைத்திருந்தவை. ஆனாலும் அவற்றைப் பிறருக்குக் கொடுக்கச் சுவிட்சர்லாந்தின் அனுமதி வேண்டும் என்பது விற்பனை நிபந்தனை. ஜெர்மனி கேட்டது. நாங்கள் நடுநிலை நாடு, போரிடும் நாட்டுக்குப் போக விடமாட்டோம் என்று சுவிட்சர்லாந்து மறுத்துவிட்டது. அது அவர்கள் சட்டம். குறை சொல்ல வழியில்லை. கடைசியில் ஜெர்மனி அந்தக் குண்டைத் தன் மண்ணிலேயே செய்ய ஏற்பாடு செய்தது. ஐரோப்பாவின் பெரும் தொழில் நாடு ஒன்றுக்கே இந்த நிலை!

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1965 செப்டம்பரில் பஞ்சாபில் கேம்கரன் அருகே அசல் உத்தர் என்ற இடத்தில் பெரிய டாங்கிப் போர் நடந்தது. பாகிஸ்தானிடம் அமெரிக்காவின் பாட்டன் டாங்கிகள். நம்மிடம் பிரிட்டனின் செஞ்சூரியன்களும் அமெரிக்கப் பழைய ஷெர்மன்களும். நம் வீரர்கள் வயல்களில் நீரைப் பாய்ச்சிவிட, கரும்புக் காட்டில் பாட்டன்கள் சேற்றில் புதைந்தன. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு வயலில் மழைக்காலத்தில் டிராக்டர் சிக்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் சேறு மட்டும் பாட்டனை வீழ்த்தவில்லை. அந்த மாதமே அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத விற்பனையை நிறுத்திவிட்டது. ஏறக்குறைய முழுதும் அமெரிக்கத் தளவாடங்களை நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அந்தத் தடை அதிகம் வலித்தது. உதிரி பாகமும் குண்டும் கடல் கடந்து வந்தாக வேண்டும். கடலுக்கு அப்பாலிருந்தவன் கதவைச் சாத்திவிட்டான்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் கல்லூரிக்கு அருகிலேயே தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. மாலை நேரங்களில் நாம் நடந்துபோகும் இந்தக் கரையிலும் இதே பாடம் எழுதப்பட்டிருக்கிறது. 1782-இல் ஐதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர்கள் கடலூரை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்கள். 1783 மார்ச்சில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி தன் படையோடு எங்கள் பரங்கிப்பேட்டைக் கரையில் இறங்கினார். ஜூனில் ஆங்கிலேயப் படை கடலூரை முற்றுகையிட்டது. கடலிலும் கரையிலும் கடும் சண்டை. அந்த நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி வந்தது: இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்துக்கு உடன்பட்டுவிட்டன! அவ்வளவுதான், கடலூரில் பிரெஞ்சுப் பீரங்கிகள் ஓய்ந்தன. அங்கே மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்த திப்பு சுல்தானிடம் இருந்த பிரெஞ்சு வீரர்களும் சண்டையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். திப்புவின் போர் முடியவில்லை. ஆனால் அவருக்குத் துணைவந்த பீரங்கிக்காரர்களின் போர் முடிந்துவிட்டது. இது விலைக்கு வாங்கிய உதவி அன்று, கூட்டணி உதவிதான். என்றாலும், ஒருவன் பீரங்கியின் திரி இன்னொருவன் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று தேட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் போனேன். "நான் பேசியது தவறு மாமா. எல்லாவற்றையும் நாமேதான் செய்ய வேண்டும்" என்றேன். அவர் சிரித்தார்.

"முந்தி அந்தக் கோடி, இப்ப இந்தக் கோடியா? அர்ஜுன் வரட்டும்னு முப்பது வருஷம் எல்லையில கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்க முடியுமா? நான் உக்காந்ததும் வாங்கின டாங்கிதான். அது இல்லாட்டி நான் எதுல உக்காந்திருப்பேன்? வாங்காதேன்னு நான் சொல்லல. வாங்கின அன்னிக்கே கத்துக்க ஆரம்பிக்கணும்னு சொல்றேன்."

அவர் சொன்னது சரியா என்று மறுபடியும் புத்தகங்களைப் புரட்டினேன். ஆவடியின் வரலாறே அதற்குச் சாட்சியாக இருக்கிறது. 1961-இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம். 1965 முடிவில் ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிறகு டி-72, அஜேயா என்ற பெயரில் அங்கேயே உருவாயிற்று. 2001-இல் ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தபோது 124 மட்டுமே முழு வண்டியாக வந்தன. மீதியை ஆவடியில் பொருத்தினார்கள். 2019-இல் மேலும் 464-க்கான வேலை ஆவடிக்கே தரப்பட்டது. 2021-இல் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆணை. அந்த அர்ஜுனின் எஞ்சினோ ஜெர்மனியுடையது. ஆக, முழுக்க வாங்கியது என்றும் முழுக்க நம்முடையது என்றும் கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. போட்டியின் தலைப்பே அரைகுறை என்று இப்போது தோன்றுகிறது.

குண்டின் கதை இன்னும் மெதுவானது. நம் தரைப்படையின் குண்டு இருப்பைப் பற்றித் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை ஒன்று 2015-இல் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. கடும் போருக்கு நாற்பது நாள் கையிருப்பு வேண்டும் என்பது விதி. 2013 மார்ச்சில் 170 வகைக் குண்டுகளில் 17 வகைதான் அந்த அளவில் இருந்தன. சரிபாதி வகைகள் பத்து நாளுக்கும் போதாதவை. அந்த எண்ணைப் படித்தபோது மாமாவின் சுழல் தட்டுதான் கண்முன் வந்தது. டி-72க்கும் டி-90க்கும் பயன்படும் 'மாங்கோ' என்ற கவசம் துளைக்கும் குண்டுக்கு 2014-இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் ஆயிற்று. அந்தக் குண்டின் தயாரிப்பு இந்தியாவிலேயே தொடங்கியதாக ரஷ்ய ஏற்றுமதி நிறுவனம் அறிவித்தது 2024-இல். பத்து ஆண்டு! திருச்சிராப்பள்ளியில் கன உலோகத் துளைப்பான் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. நான் மேலே கணக்குப் போட்ட அந்த டங்ஸ்டன் கம்பியைச் செய்வதுதான் அதன் பணி. நீலகிரி அருவங்காட்டில் 1904 முதல் குண்டுகளை உந்தித் தள்ளும் மருந்து செய்யப்படுகிறது. நம் மாநிலத்திலேயே இருக்கும் இவற்றின் பெயரைக்கூட அறியாமல்தான் நான் போலந்தைப் பற்றிக் கைதட்டல் வாங்கினேன்.

போலந்தும் வாங்கியதோடு நின்றுவிடவில்லை. 2025 ஆகஸ்டில் கொரியாவோடு செய்த இரண்டாவது ஒப்பந்தத்தில் மேலும் 180 டாங்கிகள்; அவற்றில் ஒரு பகுதியைப் போலந்திலேயே செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டது. அவசரத்துக்கு வாங்கு, அமைதிக்குள் கற்றுக்கொள் என்பதுதான் அதன் பொருள் என்று நினைக்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. அப்பாவின் படகு எஞ்சின் வெளிநாட்டில் செய்தது. கடன் வாங்கி வாங்கியது. அதில் உள்ளங்கை அளவுள்ள ஒரு பல்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்துவிட்டது. வாங்கிய இடத்தில் கேட்டால், சாமான் வெளியிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்றார்கள். நல்ல மீன் படும் காலத்தில் ஒன்றரை மாதம் படகு மணலில் கிடந்தது. நான் சான்றிதழோடு வீட்டுக்குப் போன அன்று அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பிசிக்ஸ் படிக்கிறியே தம்பி, இந்த எஞ்சினைக் கொஞ்சம் பாரேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நம்பிக்கையோடுதான் சொன்னார். எனக்கு எந்த மூடியை முதலில் கழற்றுவது என்றுகூடத் தெரியவில்லை. அன்று பட்ட வெட்கம் வேறு எந்தத் தோல்வியிலும் பட்டதில்லை.

மாமாதான் கழற்றினார். உடைந்த சக்கரத்தைக் கடலூர் முதுநகரில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனோம். பட்டறைக்காரர் அதே அளவில் ஒன்று கடைந்து பல் வெட்டிக் கொடுத்தார். "உருவம் வந்துடும். பதம் வருமான்னு சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. பதினோரு நாளில் பல் தேய்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பதினோரு நாளும் அப்பா கடலுக்குப் போனார்; அந்த வருமானத்தில்தான் அந்த மாதக் கடன் தவணை கட்டினோம்.

தேய்ந்த சக்கரத்தை எடுத்துக்கொண்டு நம் துறைப் பேராசிரியரிடம் போனேன். பல்லின் மேல்தோல் கடினமாகவும் உள்ளுடல் கடினமில்லாமல் உறுதியாகவும் இருக்க வேண்டும். முழுதும் மென்மையானால் தேயும், முழுதும் கடினமானால் உடையும் என்று அவர் விளக்கினார். இரும்பில் கரியின் அளவு, சூடேற்றுவது, எண்ணெயில் தோய்ப்பது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். இவையெல்லாம் பாடப் புத்தகத்தில் நான் படித்து, தேர்வெழுதி, மறந்தவை. அதைப் பட்டறைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் வேறு இரும்பு வாங்கி இரண்டாவது சக்கரம் செய்தார்.

அதற்குள் அசல் சாமான் வந்துவிட்டது. அதையே மாட்டினோம், வேறு வழியில்லை என்பதற்காக அல்ல, அது நல்லது என்பதால்தான். பட்டறையில் செய்தது படகின் பெட்டியில் துணியில் சுற்றி இருக்கிறது. அது எத்தனை நாள் தாங்கும் என்று இன்னும் பார்க்கவில்லை.

கோட்டை என்பது மதிலின் உயரம் மட்டும் அல்ல, உள்ளிருப்பவர்க்கு வேண்டிய பொருளெல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும் என்று அரண் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். எனக்குப் பரிசாகக் கிடைத்ததும் திருக்குறள் உரைதான். பரிசு வாங்கிய பிறகுதான் அந்த அதிகாரத்தைப் பொருள் உணர்ந்து படித்தேன். இனி ஒரு நாடு இத்தனை டாங்கி வாங்கியது என்று செய்தி படித்தால், எத்தனை என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். அதன் குண்டு எங்கே செய்யப்படுகிறது, எந்த ஆண்டில் அவர்களே செய்துகொள்வார்கள் என்று தேடுவேன்.

இப்போதெல்லாம் அப்பா கடலுக்குப் போகும்முன் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்கிறார். "நம்ம சக்கரம் இருக்குல்ல?" என்று கேட்கிறார். இருக்கிறது என்கிறேன்.

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)